பருவம் கடந்த கடற்கரையில் ஏழு நாட்கள்

பெல்ஜியம் நாட்டின் கடற்கரை மிகச் சிறியது. மேற்கே பிரான்ஸ் எல்லையிலிருந்து கிழக்கே நெதர்லாந்து எல்லை வரை எல்லாமாகச் சேர்த்துச் சுமார் 67 கிலோமீற்றர்தான். நமது முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையும் ஏறத்தாழ அவ்வளவு நீளமானதே. ஆனால் நமது கரையில் பனையும் தாழையும் நிற்கும் இடத்தில், அங்கே தொடர்மாடிகள் நிற்கின்றன. எட்டு மாடி, பத்து மாடிக் கட்டடங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கடலைப் பார்த்தபடி மதில் போல நீண்டு செல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆட்கள் எப்போதும் குடியிருக்கும் வீடுகள் அல்ல, விடுமுறை வீடுகள். அந்த நாட்டில் 1936ஆம் ஆண்டுதான் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாக்கப்பட்டது. ஆரம்பத்தில் வருடத்துக்கு ஆறு நாட்கள் மாத்திரமே. அதன் பின்னரே சாதாரண குடும்பங்களும் கடலைப் பார்க்க வரத் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களுக்காகத் தொடர்மாடிகளும் பெருகின.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் அங்கே ஒரு அறை எடுப்பதே கடினம். கடற்கரையில் பிள்ளைகள் வர்ணக் கடதாசியில் பூக்கள் செய்து சிறு கடை போட்டு விற்பார்களாம். விலை காசு அல்ல, கடற்சிப்பி. கைநிறையச் சிப்பி கொடுத்தால் ஒரு பூ. ஒக்ரோபர் வந்ததும் அந்தக் கூட்டமெல்லாம் கலைந்து விடுகிறது. யன்னல்களின் மறைப்புகள் இழுத்து மூடப்படுகின்றன. வீட்டு வாடகையும் இறங்கி விடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் காலம் அதுதான்.

ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகருக்கு அருகில் என் தங்கச்சி குடும்பமாக இருக்கிறாள். தொண்ணூறுகளில் அகதியாகப் போனவள். 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என்னைத் தன்னிடம் கூப்பிட்டாள். பிள்ளைகளின் பாடசாலைக்கு அப்போது இரண்டு கிழமை லீவு. "அக்கா, உங்களுக்குக் கடல் இல்லாமல் இருக்கேலாது. ஒரு கிழமை கடற்கரையில் வீடு எடுத்திருக்கு" என்றாள். எனக்குக் கடலோடு உள்ள கணக்கு அவளுக்குத் தெரியாததல்ல. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்தக் கடல் வந்து எங்கள் வீட்டைக் கொண்டு போனது. 2009ஆம் ஆண்டு அதே கரையோரமாகத்தான் நாங்கள் ஒவ்வொரு இடமாக நகர்ந்து போனோம். அதன் பிறகு ஊருக்குத் திரும்பிய பின்னும், மீன் வாங்கப் போவேனே தவிர, கடலைப் பார்த்துக்கொண்டு நான் இருந்ததில்லை.

மறுக்க மனம் வரவில்லை. ஒக்ரோபர் 19, சனிக்கிழமை, காரில் வெளிக்கிட்டோம்.

நாலாம் மாடி வீடு

நாங்கள் தங்கிய ஊரின் பெயர் நியூபோர்ட். ஐசர் என்ற ஆறு கடலோடு கலக்கும் இடம். எங்கள் வீடு நாலாம் மாடியில் இருந்தது. இரண்டு சிறிய அறைகள், ஒரு குசினி, கடலைப் பார்த்த பெரிய யன்னல். படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் நாங்களே கொண்டு போக வேண்டும். குசினிச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கரண்டி எத்தனை, கோப்பை எத்தனை, பீங்கான் எத்தனை என்று எழுதியிருந்தார்கள். போகும் போது எண்ணி வைத்து விட்டு, வீட்டைத் துடைத்து, குப்பையை இறக்கி விட்டுப் போக வேண்டும். முன்பின் தெரியாத ஆட்களிடம் ஒரு வீட்டை இப்படி நம்பிக் கொடுத்து விடுவது எனக்குப் புதுமையாக இருந்தது.

காலை எட்டு மணிக்குப் பிறகுதான் வெளிச்சம் வரும். கடல் நமது கடல் போல நீலமல்ல. கழனித் தண்ணீர் போன்ற நிறம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமது பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு முழம், இரண்டு முழம்தான் வேறுபாடு. அங்கே நாலு மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. பூரணை கழிந்த நாட்களில் இன்னும் கூட. மத்தியானம் மதிலடிக்கு வந்து நிற்கும் கடல், மாலையில் பார்த்தால் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். இடையில் இறுகிய ஈரமணல் வெளி. முதல் நாள் மாலை கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கியிருந்ததைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சுனாமியைக் கண்டவர்களுக்கு அதன் காரணம் சொல்லத் தேவையில்லை. பெறாமகள் என் கையைப் பிடித்து, "பெரியம்மா, இது ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் போய்ப் போய் வரும். நேரம் எல்லாம் எழுதியிருக்கு" என்று ஒரு அட்டவணையைக் காட்டினாள். அதைப் பார்த்த பிறகே மணலில் இறங்கினேன். இரண்டு மூன்று நாளில் நானே அவர்களுக்கு நேரம் சொல்லத் தொடங்கி விட்டேன்.

பக்கத்து ஊரான ஊஸ்ட்டவுன்கெர்கில் குதிரையில் ஏறிக் கடலுக்குள் இறங்கி இறால் வலிக்கும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. மஞ்சள் நிற எண்ணெய்ச் சீலை அங்கி போட்டு, பெரிய வேலைக்குதிரைகளின் பின்னால் வலையைக் கட்டி, தண்ணீர் வற்றும் நேரத்தில் கரைக்குச் சமாந்தரமாக இழுத்துப் போகிறார்கள். 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதைப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அந்த இறால் நமது கூனியை விடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம். கடல் தண்ணீரிலேயே அவித்து விற்கிறார்கள். மீன் கடையில் ஒரு விடயம் கேள்விப்பட்டேன். அந்த நாட்டில் கூலி அதிகம் என்பதால் பிடிபடும் இறாலில் பெரும்பகுதி லொறியில் மொறோக்கோ நாட்டுக்குப் போகிறது. அங்கே பெண்கள் கையால் கோது உடைத்த பிறகு, திரும்ப இதே கரைக்கு விற்பனைக்கு வருகிறது. இறால் உடைத்து விரல் புண்ணான நம் பெண்களை நினைத்துக்கொண்டேன். கோதோடு வாங்கி, நாங்கள் மூன்று பேரும் யன்னலோரம் இருந்து உடைத்தோம். தகரப் பால் விட்டுச் சொதி வைத்தோம். அந்த ருசியில் குறை சொல்ல இடமில்லை.

கரை நெடுகிலும் ஒரு ட்ராம் வண்டி ஓடுகிறது. மேற்கில் டி பன்னவிலிருந்து கிழக்கில் க்னொக்க வரை, இந்தக் கடற்கரை முழுவதும். ஒரு நாள் டிக்கெற் எடுத்து அதில் ஏறி இறங்கித் திரிந்தோம். ஒரு பக்கம் கடலும் மணற்குன்றும். மறு பக்கம் மூடிய கடைகளும் ஆளில்லாத தொடர்மாடிகளும். அந்தப் பயணத்தில்தான் வழி நெடுக நினைவுச் சின்னங்களைக் கவனித்தேன்.

தண்ணீரைத் திறந்து விட்ட ஊர்

இந்த ஊரில் ஆறும் வாய்க்கால்களுமாக ஆறு நீர்வழிகள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மடைக்கதவுகள் உண்டு. மேலிருந்து பார்த்தால் வாத்தின் கால் போல இருப்பதால் ஊரவர்கள் அதை அப்படியே அழைக்கிறார்கள். நமது குளங்களில் துருசு திறப்பது போன்ற வேலைதான் இதுவும். ஆனால் நாங்கள் பயிருக்கு நீர் விடத் திறக்கிறோம். இவர்கள் கடல் வயலுக்குள் வராமல் இருப்பதற்காக மூடுகிறார்கள். ஏனெனில் உள்நிலம் கடலின் பெருக்கு மட்டத்தை விடத் தாழ்ந்தது.

1914ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெல்ஜிய மக்கள் நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் ஓடினார்கள். கைவண்டியில் மெத்தையையும் கிழவிகளையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் படங்களை அங்குள்ள காட்சிச்சாலையில் பார்த்தேன். ஊரின் பெயரை மாற்றினால் நமது படங்கள்தான். ஒக்ரோபர் மாதக் கடைசியில் பெல்ஜியப் படைக்குப் பின்வாங்க இடமில்லாமல் போயிற்று. அப்போது நீர்வழிகளை நன்கு அறிந்த உள்ளூர்வாசிகள் சிலரின் உதவியோடு, இரவில் கடல் பெருகும் நேரத்தில் மடைகளைத் திறந்தார்கள். வற்றும் நேரத்தில் மூடினார்கள். சில இரவுகளில் ஆற்றுக்கும் ரயில் பாதை அணைக்கும் இடைப்பட்ட வயல்களில் உப்புத் தண்ணீர் நிறைந்தது. ஜேர்மன் படை அங்கேயே நின்று விட்டது. நாலு வருடங்கள் அந்த நிலம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. நியூபோர்ட் நகரம் எறிகணைகளால் தரைமட்டமானது. இன்று நாம் பார்க்கும் பழைய பாணி வீடுகளும் கோவிலும் பிறகு திரும்பக் கட்டியவையே.

போர் முடிந்து ஒரு நூற்றாண்டு கடந்து விட்டது. ஆனால் மண் இன்னும் சுத்தமாகவில்லை. உழும் போது வெடிக்காத எறிகணைகள் இன்றைக்கும் மேலே வருகின்றன. கமக்காரர்கள் அவற்றை எடுத்து வேலியோரம் வைத்து விட்டு அறிவிக்க, இராணுவத்தின் ஒரு பிரிவு வந்து ஏற்றிச் செல்கிறது. க்னொக்கப் பக்கக் கடலடியில் போர் முடிந்த கையோடு கொட்டிய நச்சு எறிகணைகள் ஆயிரக்கணக்கான தொன் கிடக்கின்றன. நமது வடக்கில் முகக்கவசம் அணிந்து, குந்தியிருந்து, அங்குலம் அங்குலமாகக் கண்ணிவெடி தேடும் பெண்களை நான் நினைத்தேன். எங்கள் சுற்றத்திலும் இரண்டு பேர் அந்த வேலை செய்தவர்கள். போரின் வேலை போரோடு முடிவதில்லை என்பதை அந்தக் கமக்காரர்களும் அறிவார்கள்.

முழந்தாளில் இருக்கும் இருவர்

செவ்வாய்க்கிழமை, ஒக்ரோபர் 22. மழைத் தூறல். பெறாமகள் பாடசாலையில் ஒரு சிற்பியைப் பற்றிப் படித்திருந்தாள். அவருடைய சிலைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன, பார்க்க வேண்டும் என்றாள். காரில் அரை மணி நேரம் உள்நாட்டுப் பக்கம் போனால் விலாட்ஸ்லோ என்ற சிற்றூர். அங்கே மரங்களுக்குள் ஜேர்மன் போர்வீரர்களின் மயானம் இருக்கிறது. 25,644 பேர். சிலுவைகள் நிமிர்ந்து நிற்கவில்லை. நிலத்தோடு நிலமாகப் பதித்த சதுரக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஏறக்குறைய இருபது பெயர்கள். ஓக் மரத்து இலைகள் உதிர்ந்து கற்களை மூடியிருந்தன. ஆட்கள் எவரும் இல்லை.

மயானத்தின் முடிவில் இரண்டு கற்சிலைகள். ஒரு தகப்பன், ஒரு தாய். இருவரும் முழந்தாளில் இருக்கிறார்கள். தகப்பன் தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே பார்க்கிறார். தாய் குனிந்து, ஒரு கையைக் கன்னத்தில் வைத்து ஒடுங்கிப் போயிருக்கிறார். இருவரும் ஒரே கல்லில் இல்லை. தனித்தனிப் பீடம். நடுவில் இடைவெளி.

செய்தவரின் பெயர் கேத்தே கோல்விற்ஸ். ஜேர்மனியின் பெரிய ஓவியர், சிற்பி. 1867இல் பிறந்தவர். கணவர் கார்ல், பேர்லினில் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த வைத்தியர். இளைய மகன் பீற்றர் பதினெட்டு வயதில் தானாக முன்வந்து படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தகப்பனின் சம்மதம் வேண்டும். தகப்பன் மறுத்தார். தாய்தான் மகனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். 1914 ஒக்ரோபர் 22ஆம் திகதி இரவு இந்தப் பகுதியில் அவன் இறந்தான். நாங்கள் அங்கே நின்ற நாளுக்குச் சரியாக 110 வருடங்களுக்கு முன்.

அந்த வருட முடிவிலேயே மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய வேண்டும் என்று தாய் எண்ணத் தொடங்கினார். முதலில் மகனின் உருவத்தைக் கிடத்தி, தலைமாட்டில் தகப்பனும் கால்மாட்டில் தாயுமாக நினைத்தார். வரவில்லை. 1919இல் அந்த வேலையை நிறுத்தி விட்டார். சில வருடம் கழித்துத் திரும்பத் தொட்டார். கடைசியில் மகனின் உருவத்தையே விட்டு விட்டு, எஞ்சியிருந்த இரண்டு பேரை மட்டும் செய்தார். தகப்பனுக்குக் கணவரின் முகம், தாய்க்குத் தன் முகம். 1932இல் மகன் புதைக்கப்பட்ட மயானத்தில் சிலைகளை வைத்தார்கள். பதினெட்டு வருடங்கள். மகன் வாழ்ந்த காலமும் அவ்வளவுதான். பிறகு 1950களில் கல்லறைகளை ஒன்று சேர்த்த போது, பீற்றரோடு சிலைகளும் விலாட்ஸ்லோவுக்கு வந்தன. அவனுடைய பெயர் உள்ள கல் சிலைகளுக்கு முன்னால் இருக்கிறது. அந்தத் தாய்க்கு அதோடும் முடியவில்லை. பீற்றர் என்று அதே பெயர் வைத்த பேரனும் 1942இல் அடுத்த போரில் இறந்தான். அவரும் 1945 ஏப்ரலில், அந்தப் போர் முடியச் சில நாட்களே இருக்கும் போது கண்மூடினார்.

பெறாமகள் அறிவித்தல் பலகையை வாசித்து வாசித்துச் சொன்னாள். நான் இரண்டு விடயங்களையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று, அந்த மண். ஜேர்மன் படை அழையாமல் வந்து அழித்த நாடு அது. ஆனாலும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஆறடி நிலமும், கல்லில் பெயரும், அவர்களுடைய தாய் வந்து இருப்பதற்கு இடமும் இருக்கிறது. அந்த மயானத்தை ஒருவரும் இடிக்கவில்லை. புல் ஒழுங்காக வெட்டியிருக்கிறது. நம் நாட்டில் எத்தனை தாய்மாருக்கு அப்படியொரு கல் இருக்கிறது? எத்தனை கல்லறைகள் இருந்த இடம் தெரியாமல் போயின? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் வந்து இருந்த தாய்மார்களில் எத்தனையோ பேர், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே இறந்து போனார்கள்.

மற்றது, அந்த இடைவெளி. எங்கள் சின்னவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. 2009 ஏப்ரலில் எங்களை விட்டுப் பிரிந்தவன். எங்கே, எப்படி என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அன்று முதல் அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். ஒன்றாகச் சாப்பிடுகிறோம், ஒன்றாகத் தோட்டம் செய்கிறோம். ஆனால் அவனைப் பற்றி ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. நான் குசினிக்குள் அழுவேன். அவர் கிணற்றடியில் நெடுநேரம் நிற்பார். இதை வெளியாட்கள் பார்த்தால் இவர்களுக்கு மறந்து விட்டது என்று நினைக்கக் கூடும். அந்தச் சிலைகளைப் பார்த்த போது, இப்படி இருப்பவர்கள் நாங்கள் மாத்திரம் அல்ல என்று விளங்கியது. வேறு நாடு, வேறு பாஷை. அவர்களும் பக்கத்தில் இருந்தபடியே தனித்தனியாகத்தான் துக்கப்பட்டார்கள். அதை மறைக்காமல் அந்த அம்மா கல்லில் வைத்து விட்டார்.

அன்று பின்னேரம் ஐந்து மணி. இங்கே இரவு எட்டரை. கடல் வற்றிக்கொண்டிருந்தது. யன்னலடியில் இருந்து வாட்ஸ்அப்பில் அவரைக் கூப்பிட்டேன். சுகம் விசாரித்தார். சாப்பிட்டதைச் சொன்னார், மாடு கன்று போட்டதைச் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, எனக்குச் சின்னவன்ர கதை கதைக்க வேணும் போலக் கிடக்கு" என்றேன்.

வெகுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்து விட்டதோ என்று நினைத்தேன்.

"அவன்ர பள்ளிக்கூட பட்ஜ் என்னட்டை இருக்கு. முகாமிலையும் வைச்சிருந்தனான். உமக்குக் காட்டேல்லை. நீர் அழுவீர் எண்டு" என்றார்.

நான் அழுதேன்தான். அவரும் அழுதார். பிறகு அவன் சின்ன வயதில் வள்ளத்தில் ஒளித்து ஏறியதை, அவன் பாண் தின்னும் விதத்தை எல்லாம் கதைத்தோம். தங்கச்சி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்து விட்டு, தேநீரை வைத்து விட்டுப் போனாள்.

மிச்ச நாட்களில் நான் காலையும் மாலையும் மணலில் நடந்தேன். அந்தக் கடல் என்னுடைய கடல் அல்ல. ஆனாலும் கடலுக்கு முன்னால் இருக்கப் பழகினேன். சனிக்கிழமை கரண்டிகளை எண்ணி வைத்து, நிலம் துடைத்து, திறப்பை ஒப்படைத்தோம்.

ஊருக்கு வந்து எங்கள் மாதர் சங்கத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். எங்களிடம் கல் இல்லை, சிற்பி இல்லை. ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கினோம். விரும்பியவர்கள் தங்கள் வீட்டில் இழந்தவருக்காக ஒரு பக்கம் எழுதலாம். பெயர், பிறந்த திகதி, அவருக்குப் பிடித்த சாப்பாடு, அவர் செய்த குழப்படி, எதுவென்றாலும். எழுதத் தெரியாதவர்களுக்கு இளம் பிள்ளைகள் கேட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். சின்னவனுடைய பக்கத்தை அவரும் நானும் சேர்ந்துதான் எழுதினோம். பட்ஜ் அதில் குத்தியிருக்கிறது.

ஒரு அம்மா மட்டும் தன் மகன் உயிரோடுதான் இருக்கிறான், இழந்தவர்களோடு அவனை எழுத மாட்டேன் என்றார். அவர் சொல்வது நியாயம். அவருக்காக ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறோம். மகன் வந்ததும் அவனே எழுதட்டும் என்கிறார். அந்தக் கொப்பி சங்கத்தின் அலுமாரியில் இருக்கிறது. மாதக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் அதை எடுத்து ஒரு பக்கம் வாசிப்பார்.